நியூட்ரினோ எடை மைனஸ்ல போகுதா? சிஎம்பி வெளிச்சத்த வச்சு போடற கணக்கு என்னதான் சொல்லுது

2025 மார்ச்ல டெசி குழு தன்னோட ரெண்டாவது பெரிய முடிவை வெளியிட்டுச்சு. அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல கிட் பீக் மலை மேல இருக்கிற 4 மீட்டர் டெலஸ்கோப்ல 5000 ஃபைபர் மாட்டி கேலக்ஸிகளோட தூரத்த அளக்கிற திட்டம்தான் டெசி. அந்த தூரக் கணக்கையும் சிஎம்பி (பிரபஞ்சத்தோட ஆரம்ப காலத்துல கிளம்பின வெளிச்சம்) அளவுகளையும் சேர்த்துப் பார்த்தா, எதுலயும் அனேகமா மோதாம போற நியூட்ரினோங்கிற நுண்துகளோட மூணு வகைக்கும் சேர்த்து மொத்த எடை 0.064 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் (துகளோட எடை, ஆற்றல் ரெண்டையும் சொல்ற சின்ன அலகு) கீழதான் இருக்கணும்னு வந்துச்சு. பூமியில பண்ணின சோதனைகள் என்ன சொல்லுதுன்னா அந்த மொத்த எடை குறைஞ்சபட்சம் 0.06 ஆவது இருந்தே ஆகணும். அதாவது மேல இருந்து ஒரு கூரை இறங்கி வந்து தரையில கிட்டத்தட்ட முட்டிருச்சு. இதுல இன்னொரு சங்கதி, எடை பூஜ்யத்துக்குக் கீழயும் போகலாம்னு கணக்குல அனுமதி கொடுத்தா, டேட்டா மைனஸ் பக்கம்தான் சாயுது. "நியூட்ரினோவுக்கு மைனஸ் எடை"ன்னு தலைப்பு வந்தது இப்படித்தான்.

எடை மைனஸ்ல இருக்கிற நியூட்ரினோவ யாரும் பார்க்கல, அப்படி ஒண்ணு இருக்குன்னு அந்த ஆராய்ச்சியாளர்கள் சொல்லவும் இல்ல. அப்போ அந்த மைனஸ் எங்கிருந்து வருது? அதுக்கு சிஎம்பி எப்படி நியூட்ரினோவப் பத்தி பேசுதுன்னு அடியில இருந்து பார்க்கணும்.

முதல்ல ரெண்டு பழைய மிச்சங்கள்

சிஎம்பின்னா பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணி. பெருவெடிப்புக்கு அப்புறம் சுமார் 3,80,000 வருஷம் வரைக்கும் பிரபஞ்சம் சூடான பிளாஸ்மாவா இருந்துச்சு, எலக்ட்ரான்ல மோதி மோதி ஃபோட்டான் எங்கயும் நேரா போக முடியாது. வெப்பம் 3000 கெல்வின் பக்கம் இறங்கினதும் எலக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்து அணுவாச்சு, வழி திறந்துச்சு, அன்னைக்குக் கிளம்பின வெளிச்சம் இன்னைக்கு 2.725 கெல்வின் குளிர்ல நுண்ணலையா வந்து சேருது. 1964ல பென்சியாஸும் வில்சனும் நியூஜெர்சியில ஒரு ஆன்டெனாவுல கேட்ட விடாத இரைச்சல் இதுதான், அதுக்கு 1978ல நோபல் கிடைச்சது. வானத்துல எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்த வெப்பம் ஒண்ணுதான், லட்சத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான் ஏத்த இறக்கம். நமக்கு வேண்டிய தகவல் மொத்தமும் அந்த ஏத்த இறக்கத்துலதான் இருக்கு.

நியூட்ரினோ இதுக்கு ரொம்ப முன்னாடியே பிரிஞ்சு போயிடுச்சு. பிரபஞ்சத்துக்கு வயசு சுமார் ஒரு செகண்ட் ஆனப்பவே அது மத்த துகள்களோட மோதறத நிறுத்திருச்சு, அன்னையில இருந்து தன்பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு எலக்ட்ரானும் அதோட எதிர்த்துகளான பாசிட்ரானும் ஒண்ணையொண்ணு அழிச்சு அந்த சூடெல்லாம் ஃபோட்டானுக்குப் போச்சு, ஏற்கனவே கிளம்பிட்ட நியூட்ரினோவுக்கு அதுல பங்கு அனேகமா கிடைக்கல. அதனாலதான் ஃபோட்டான் 2.725 கெல்வின்ல இருக்கு, நியூட்ரினோப் பின்னணியோட வெப்ப அளவு 1.95 கெல்வின்னு கணக்கு வருது. எண்ணிக்கை பார்த்தா ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 336. உங்க கையில இருக்கிற ஒரு தீப்பெட்டிக்குள்ள இந்த நிமிஷம் பல ஆயிரம் ஆதி நியூட்ரினோ இருக்கு.

ஆனா அதுல ஒண்ணைக்கூட இதுவரைக்கும் யாரும் நேரடியா பிடிச்சதில்ல. சூரியன்ல இருந்து வர்ற நியூட்ரினோவ பிடிக்கிறாங்க, அதுக்கு ஆற்றல் லட்சக்கணக்குல எலக்ட்ரான் வோல்ட். ஆதி நியூட்ரினோவோட ஓட்ட ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட்ல ஆயிரத்துல ஒரு பங்குகூட கிடையாது. இவ்வளவு சோம்பலா வர்றது எந்த டிடெக்டர்லயும் மணி அடிக்காது. அதனால அதோட ஈர்ப்பு விசை சிஎம்பி மேல என்ன தடம் விட்டிருக்குன்னு பார்க்கிறதுதான் இருக்கிற வழி.

எத்தனை வகைன்னு எப்படி எண்ணினாங்க

சிஎம்பி கிளம்பின காலத்துல பிரபஞ்சத்தோட மொத்த ஆற்றல்ல சுமார் 10 சதவீதம் நியூட்ரினோதான். இன்னைக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியுது, அன்னைக்கு அது பெரிய பங்காளி. எவ்வளவு நியூட்ரினோ இருந்துச்சோ அவ்வளவு வேகமா பிரபஞ்சம் விரிஞ்சிருக்கும், அந்த வேகத்த சிஎம்பியில இருந்து எடுக்கலாம். இந்த அளவுக்கு வச்ச பேரு என்-எஃபெக்டிவ், தமிழ்ல சொன்னா பயனுறு நியூட்ரினோ எண்ணிக்கை.

இதை எப்படிப் படிக்கிறாங்கன்னு கொஞ்சம் கிட்டப் போய் பார்த்தா நல்லா இருக்கும். அந்தப் பிளாஸ்மாவுல ஒலி அலை ஓடிட்டு இருந்துச்சு, தெப்பக்குளத்துல கல்லு போட்டா வட்டம் விரியற மாதிரி. வெளிச்சம் கிளம்பின நேரம் வரைக்கும் அந்த வட்டம் எவ்வளவு தூரம் போயிருந்துச்சோ அது வானத்துல ஒரு கோண அளவா பதிஞ்சிருக்கு, சுமார் 0.6 டிகிரி. பிளாங்க் செயற்கைக்கோள் இதை 0.03 சதவீதத் துல்லியத்துல அளந்திருக்கு. இன்னொரு பக்கம், ஃபோட்டான் எலக்ட்ரான்ல மோதித் தள்ளாடித் தள்ளாடி கசியறதால சின்னச் சின்ன ஏத்த இறக்கமெல்லாம் அழிஞ்சு மங்கிப் போகும். அந்த மங்கல் எந்த அளவுல ஆரம்பிக்குதுங்கிறது ரெண்டாவது அளவு.

இப்போ கவனிங்க. காலி ரோட்டுல நேரா நடக்கிற ஆளுக்கு பாதி நேரம் கொடுத்தா பாதி தூரம் போவான். திருவிழாக் கூட்டத்துல முட்டி மோதி முன்னயும் பின்னயும் அலையற ஆளுக்கு பாதி நேரம் கொடுத்தா அவன் பாதி தூரத்துல நிக்க மாட்டான், முழு நேரத்துல போற தூரத்துல சுமார் 70 சதவீதம் போயிருப்பான், ஏன்னா அந்த மாதிரி அலைச்சல்ல தூரம் நேரத்தோட வர்க்கமூலமாத்தான் வளரும். ஒலி அலை முதல் ஆள், கசியற ஃபோட்டான் ரெண்டாவது ஆள். நியூட்ரினோ அதிகமா இருந்தா விரிவு வேகம், விரிவு வேகம்னா ரெண்டு பேருக்குமே நேரம் குறைச்சல், ஆனா முதல் ஆளுக்கு நஷ்டம் அதிகம். அதனால ரெண்டு தூரத்தோட விகிதம் மாறும், மங்கல் கூடுதலா தெரியும். விகிதத்த எடுக்கிறதால வேற பல விஷயம் தெரியாட்டியும் கணக்கு நிக்குது, இந்தத் துறையில எனக்கு ரொம்ப அழகாத் தெரியற விஷயம் இது.

முடிவு என்ன வந்துச்சு:

1. கோட்பாடு சொல்ற மதிப்பு 3.044. மூணுக்கு மேல அந்தச் சின்ன மிச்சம் எதுக்குன்னா, பாசிட்ரான் அழிஞ்ச சூட்டுல ஒரு துளி நியூட்ரினோவுக்கும் போச்சு.
2. பிளாங்க் 2018 அறிக்கையில கேலக்ஸி தூரக் கணக்கையும் சேர்த்து வந்தது 2.99, பிழை அளவு 0.17.
3. சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்துல இருந்த ஏசிடி டெலஸ்கோப் டேட்டாவையும் சேர்த்து 2025ல வந்தது 2.86, பிழை 0.13.

நாலாவதா லேசான ஒரு நியூட்ரினோ மத்ததோட சமமா கலந்திருந்துச்சுன்னா நாலு பக்கம் வந்திருக்கணும், அதுக்கு இங்க இடமே இல்ல. ஜெனீவா பக்கத்துல இருக்கிற செர்ன்ல முன்னாடி பண்ணின இசட் துகள் சோதனையிலயும் மூணுதான் வந்துச்சு, ஒரு செகண்ட் வயசுப் பிரபஞ்சமும் பூமிக்கு அடியில இருக்கிற குழாயும் ஒரே நம்பர் சொல்லுது.

அலைக்கு முன்னாடி ஓடினவங்க

மங்கல் கூடறதுக்கு நியூட்ரினோ மட்டும்தான் காரணமான்னு ஒரு நியாயமான கேள்வி வரும். ஹீலியம் அதிகமா இருந்தாலும் தனியா திரியற எலக்ட்ரான் குறையும், ஃபோட்டான் இன்னும் தூரம் கசியும், மங்கல் கூடும். அப்போ நியூட்ரினோவுக்கே உரிய கைரேகை ஒண்ணு வேணும்.

அது இருக்கு. பிளாஸ்மாவுல ஒலியோட வேகம் ஒளிவேகத்துல அதிகபட்சம் 58 சதவீதம்தான். நியூட்ரினோ எதுலயும் மோதாம கிட்டத்தட்ட முழு ஒளிவேகத்துல போகுது. அதனால ஒரு இடத்துல இருந்து ஒலி வட்டம் கிளம்பும்போது அதே இடத்து நியூட்ரினோ வட்டத்த முந்திட்டுப் போய் அங்கிருந்து தன்னோட ஈர்ப்பால பிளாஸ்மாவ லேசா முன்னாடி இழுக்குது. வட்டத்தோட விளிம்பு கொஞ்சம் வெளிய தள்ளி நிக்கும், சிஎம்பி வரைபடத்துல வர்ற மேடுகளெல்லாம் வரிசையா ஒரு பக்கமா நகர்ந்து இருக்கும். ஒலியை விட வேகமா போற ஒண்ணு இல்லாம இந்த நகர்வு வராது, ஹீலியத்தால இதைப் போலி பண்ண முடியாது. பிளாங்க் டேட்டாவுல இந்த நகர்வ 2015ல கண்டுபிடிச்சாங்க.

இதுல இருந்து தெரியறது எண்ணிக்கை மட்டும் இல்ல, நடத்தையும்தான். நியூட்ரினோ ஒண்ணோட ஒண்ணு நமக்குத் தெரியாத ஏதோ விசையால மோதிட்டு இருந்திருந்தா முன்னாடி ஓடியிருக்காது, அதுவும் பிளாஸ்மா மாதிரியே கூட்டமா நகர்ந்திருக்கும். அப்படி மோதற நியூட்ரினோவ வச்சு ஹப்பிள் மாறிலிச் சிக்கல (பிரபஞ்சம் விரியற வேகத்த ரெண்டு விதமா அளந்தா ரெண்டு விடை வர்றது) தீர்க்கலாமான்னு சில வருஷம் ஆர்வமா பார்த்தாங்க, துருவமுனைப்பு டேட்டாவ (சிஎம்பி ஒளி எந்தத் திசையில அதிருதுங்கிற அளவு) சேர்க்கச் சேர்க்க அதுக்கு ஆதரவு தேய்ஞ்சுதான் போச்சு.

எடைன்னு வந்தா ஏன் இவ்வளவு கஷ்டம்

நியூட்ரினோவுக்கு எடை இருக்குங்கிறதுல சந்தேகம் இல்ல. 1998ல ஜப்பான்ல சூப்பர் கமியோகாண்டே, அதுக்கப்புறம் கனடாவுல எஸ்என்ஓ, ரெண்டும் நியூட்ரினோ போற வழியில வகை மாறுதுன்னு காட்டினாங்க, எடை வித்தியாசம் இல்லாம அப்படி மாறாது, 2015 நோபல் அதுக்குத்தான். ஆனா அந்தச் சோதனைகள்ல எடைகளோட வர்க்க வித்தியாசம் மட்டும்தான் கிடைக்கும். அதை வச்சு கீழ் எல்லை சொல்லலாம். ரெண்டு லேசு ஒண்ணு கனம்னு இருந்தா மொத்தம் குறைஞ்சது 0.06 எலக்ட்ரான் வோல்ட், ஒண்ணு லேசு ரெண்டு கனம்னு தலைகீழா இருந்தா குறைஞ்சது 0.10. ஒரு எலக்ட்ரானோட எடை 5,11,000 எலக்ட்ரான் வோல்ட், அதாவது இந்த 0.06 ங்கிறது எலக்ட்ரான்ல சுமார் 85 லட்சத்துல ஒரு பங்கு.

ஜெர்மனியில கார்ல்ஸ்ரூவே நகரத்துல கேட்ரின்னு 70 மீட்டர் நீள கருவி ஒண்ணு டிரிட்டியம்ங்கிற கதிரியக்க ஹைட்ரஜனோட சிதைவ வச்சு நேரடியா எடை பார்க்குது, 2025ல அவங்க சொன்ன மேல் எல்லை 0.45, அது ஒரு நியூட்ரினோவுக்கு. பிரபஞ்சக் கணக்கு கொடுக்கிற எல்லை இதை விட ரொம்ப இறுக்கம், ஆனா அது ஒரு மாடலை நம்பித்தான் நிக்குது, கேட்ரினுக்கு அந்தச் சார்பு இல்ல. இந்த ஒரு வித்தியாசத்த செய்திகள்ல அனேகமா விட்டுடறாங்க, குழப்பம் பாதி அங்கதான் ஆரம்பிக்குது.

சிஎம்பியில எடை ஏன் லேசுல தெரியாதுன்னா, வெளிச்சம் கிளம்பின நாள்ல இவ்வளவு லேசான நியூட்ரினோவுக்கு எடை இருக்கா இல்லையாங்கிறதே முக்கியம் இல்ல, அது ஒளி மாதிரியேதான் ஓடிட்டு இருந்துச்சு. 0.05 எலக்ட்ரான் வோல்ட் எடையுள்ளது பிரபஞ்சம் இப்போ இருக்கிறதுல சுமார் நூத்துல ஒரு பங்கா இருந்தப்பதான் வேகம் தணிஞ்சு சாதாரணப் பொருளா மாறுது. சிஎம்பி கிளம்பினது அதுக்கு ரொம்ப முன்னாடி, ஆயிரத்துல ஒரு பங்கா இருந்தப்போ. அதனால எடையோட தடம் அந்த வெளிச்சம் நம்மகிட்ட வர்ற வழியிலதான் விழணும்.

வழியில என்ன நடக்குதுன்னா லென்சிங். நடுவுல இருக்கிற பொருளோட ஈர்ப்பு ஒவ்வொரு கதிரையும் சராசரியா 2.5 ஆர்க் நிமிஷம் வளைக்குது, முழு நிலாவோட அகலத்துல 12ல ஒரு பங்கு. வழியில கட்டி கட்டியா பொருள் எவ்வளவு சேர்ந்திருக்குன்னு அந்த வளைவு காட்டிக் கொடுக்கும். நியூட்ரினோ வேகமா திரியறதால சின்ன இடங்கள்ல கட்டி சேராது, மத்த பொருள் சேர்றதுக்கும் ஒத்தாசை பண்ணாது. மொத்தப் பொருள்ல அது அரை சதவீதம்கூட இல்லைன்னாலும் கட்டி சேர்றது கூட்டு வட்டி மாதிரி வளர்ற சமாச்சாரம், ஆரம்பத்துல வட்டி விகிதம் துளி குறைஞ்சாலும் பல நூறு கோடி வருஷத்துல அந்தக் குறை பெருசாயிடும். 0.06 எடைக்கே கட்டித்தன்மை 3 முதல் 4 சதவீதம் வரைக்கும் குறையும். 2023ல ஏசிடி வெளியிட்ட லென்சிங் அளவோட துல்லியம் 2.3 சதவீதம், அதாவது தேடற விளைவும் அளக்கிற கருவியோட பிழையும் இப்போதான் ஒரே அளவுக்கு வந்திருக்கு.

கணக்கு எங்க உதைக்குது

இதை வரவு செலவு நோட்டா நினைச்சுப் பாருங்க.

1. ஆரம்ப இருப்பு: சிஎம்பி கிளம்பின நாள்ல சாதாரணப் பொருளும், கண்ணுக்குத் தெரியாம ஈர்ப்பால மட்டும் தெரியவர்ற இருள் பொருளும் எவ்வளவுன்னு சிஎம்பி தெளிவா சொல்லுது. அன்னைக்கு நியூட்ரினோ கதிர்வீச்சுக் கணக்குல இருந்துச்சு, பொருள் கணக்குல இல்ல.
2. நடுவுல ஒரு வரவு: நியூட்ரினோ வேகம் தணிஞ்சு பொருள் கணக்குக்கு மாறுது. அந்த வரவோட அளவுதான் நியூட்ரினோ எடை.
3. கடைசி இருப்பு: இன்னைக்குப் பக்கத்துல மொத்தப் பொருள் எவ்வளவுன்னு டெசி சொல்லுது.

விரிவுக்கான கழிவெல்லாம் போக, கடைசி இருப்பு ஆரம்ப இருப்ப விட கொஞ்சம் கூட இருக்கணும், அந்தக் கூடுதல்தான் நியூட்ரினோ. பிளாங்க் டேட்டாவ வச்சு இன்னைக்குப் பொருளோட பங்கு சுமார் 31.5 சதவீதம்னு கணிச்சாங்க, டெசி அளந்தது சுமார் 29.8 சதவீதம். கூட இருக்க வேண்டிய இடத்துல குறைச்சலா நிக்குது. இதுல நியூட்ரினோ வரவ எழுத இடமே இல்லாம, கணக்கு சரியாகணும்னா அந்த வரியில மைனஸ் போட வேண்டி வருது. அதோட சிஎம்பியில லென்சிங்கும் எதிர்பார்த்ததை விட கொஞ்சம் தூக்கலாத்தான் தெரியுது, நியூட்ரினோ எடை இருந்தா அது குறையணும், அதனால அதுவும் மைனஸ் பக்கமே தள்ளுது. தலைப்புல வந்த "மைனஸ் எடை" இந்த நோட்டுல விழுந்த துண்டுதான்.

இந்தத் துண்டு எப்படி விழுந்திருக்கலாம்னா:

1. ஆப்டிகல் டெப்த். முதல் நட்சத்திரங்கள் வந்து எலக்ட்ரான்களை மறுபடி பிச்சு விட்டதால சிஎம்பி ஃபோட்டான்ல ஒரு பங்கு சிதறிச்சு, அந்தச் சிதறலோட அளவு இது. டபிள்யூமேப் செயற்கைக்கோள் 0.089னு சொன்னதை பிளாங்க் 0.054க்குக் கொண்டு வந்துச்சு. இது பழையபடி 0.09 பக்கம் இருந்தா ஆரம்ப ஏத்த இறக்கத்தோட உண்மையான உயரம் கூடும், கூடுதல் லென்சிங்குக்கு அங்கயே காரணம் கிடைச்சிடும், நியூட்ரினோவுக்கு இடம் வரும். வானம் முழுக்க விரிஞ்சு கிடக்கிற மங்கலான துருவமுனைப்ப அளந்துதான் இதை எடுக்கணும், நம்ம கேலக்ஸியோட தூசியும் அதே மாதிரி ஒளி விடும், அதனால இருக்கிறதிலயே கஷ்டமான அளவு இது. எனக்கு முதல் சந்தேகம் இங்கதான்.
2. டார்க் எனர்ஜி, அதாவது பிரபஞ்ச விரிவ வேகப்படுத்துற ஆற்றல். அது காலப்போக்குல மாறுதுன்னு வச்சா எடை எல்லை 0.16 வரைக்கும் தளருது, நெருக்கடி போயிடுது. டார்க் எனர்ஜி மாறலாம்ங்கிற அறிகுறியும் இதே டெசி டேட்டாவுலதான் வருது, அப்போ ரெண்டும் ஒரே நோயோட ரெண்டு அடையாளமா இருக்கலாம்.
3. சிஎம்பி டேட்டாவுலயோ டெசி டேட்டாவுலயோ பிடிபடாத சின்ன அளவைப் பிழை. 0.06க்கும் 0.064க்கும் நடுவுல இருக்கிற இடைவெளிக்கு அது கொஞ்சம் இருந்தாலே போதும்.
4. நியூட்ரினோவே நாம நினைக்கிற மாதிரி இல்லாம இருக்கிறது, உதாரணத்துக்கு வழியில சிதைஞ்சு லேசான வேற துகளா மாறிடுறது. நடக்கக்கூடாததுன்னு இல்ல, ஆனா மேல இருக்கிற மூணையும் முதல்ல தீர்த்துட்டு வரணும்.

அடுத்து எதை எதிர்பார்க்கலாம்

அட்டகாமாவுல 5200 மீட்டர் உயரத்துல சைமன்ஸ் அப்சர்வேட்டரி வேலை ஆரம்பிச்சிருக்கு, லென்சிங்க இன்னும் கூர்மையா பார்க்கும். ஆப்டிகல் டெப்த் விஷயத்துக்கு பூமியில இருந்து பார்த்தா பத்தாது, விண்வெளிக்குப் போகணும், ஜப்பான் திட்டமிட்டிருக்கிற லைட்பேர்ட் அதுக்கானது.

இன்னொரு முனையில சீனாவோட குவாங்டாங் மாகாணத்துல ஜூனோங்கிற 20,000 டன் டிடெக்டர் 2025 ஆகஸ்ட்ல டேட்டா எடுக்க ஆரம்பிச்சிருச்சு. எடை வரிசை நேரா தலைகீழான்னு சொல்றதுதான் அதோட முக்கிய வேலை. நம்ம ஊர்ல நியூட்ரினோன்னு சொன்னதும் ஞாபகம் வர்ற தேனி பொட்டிபுரம் திட்டம், அந்த 50,000 டன் இரும்பு டிடெக்டர், அதுக்கு வச்சிருந்த பெரிய இலக்கும் இதே எடை வரிசைதான், வேற வழியில. எதிர்ப்பும் வழக்கும் நடந்து அது நின்னு போன கதை தனி.

ஜூனோ "தலைகீழ்"னு சொன்னா மொத்த எடை 0.10க்குக் குறைய வழியே இல்ல, அன்னைக்கு 0.064ங்கிற கூரை உடைஞ்சே ஆகணும், அதோட சேர்த்து அந்தக் கூரைய தாங்கிட்டு இருக்கிற பிரபஞ்ச மாடல்ல ஏதோ ஒரு தூணும் விழும். "நேர்"னு சொன்னா தரை 0.06லயே நிக்கும், கூரைக்கும் தரைக்கும் நடுவுல இப்போ இருக்கிற 0.004 இடைவெளி அப்படியே இருக்கும், அடுத்த லென்சிங் அளவு வர்ற வரைக்கும் கணக்கு நோட்டு திறந்தேதான் கிடக்கும்.